உணவுக் கட்டுப்பாடு தவறிவிட்டதா? அடுத்த வேளையிலிருந்து தொடங்குங்கள்

தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்கள் ஆகியவை முடிந்தபின் எங்கள் நீரிழிவுப் பிரிவில் ஆண்டுதோறும் ஒரு மாற்றத்தைக் காண்கிறோம். பண்டிகைக்குப் பிறகு நோயாளிகளின் கூட்டம் மிகும் என்றே பலரும் எண்ணுவர். ஆனால், குறித்த நாளில் வரவேண்டியவர்களில் சிலர் அப்போது வருவதில்லை. "இரண்டு வாரம் கட்டுப்பாடாக இருந்துவிட்டு, சர்க்கரை இறங்கிய பிறகு பரிசோதனைக்குப் போகலாம்" என்று நாளைத் தள்ளிப்போடுகின்றனர். இரண்டு வாரம் இரண்டு மாதமாகிறது. வாங்கி வைத்த மாத்திரை தீர்ந்துபோகிறது. அளவு சரியில்லை என்று தெரிந்தே குளுக்கோமீட்டரைத் தொடாமல் இருக்கின்றனர். இவர்களுள் சிலரை நாங்கள் மீண்டும் பார்ப்பது, ஆறாத கால்புண்ணோடு அவசரப் பிரிவில்தான்.

நீரிழிவு நோயாளிகளுக்கு உணவு பற்றிய அறிவுரைகள் நிறையவே கிடைக்கின்றன. எதை உண்ணலாம், எதை விலக்கலாம் என்பதைப் பெரும்பாலோர் அறிந்தே இருக்கின்றனர். கட்டுப்பாடு ஒருநாள் தவறிவிட்டால் மறுநாள் என்ன செய்வது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

ஒரு சில நாள்களால் எவ்வளவு கெடுகிறது?

மூன்று மாதச் சராசரி என்று நாம் பேச்சுவழக்கில் குறிப்பிடும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனை, இரத்தச் சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதை அளக்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாள்கள் வாழ்கிறது. ஆகவே, கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலையை இந்த அளவு காட்டுகிறது. எச்.பி.ஏ.1.சி. 7 சதவீதம் என்றால், சராசரி இரத்தச் சர்க்கரை சுமார் 154 மில்லிகிராம் என்று பொருள்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். சராசரி 154 என்ற அளவில் இருக்கும் ஒருவர், பண்டிகையின் மூன்று நாள்களும் கட்டுப்பாட்டை விட்டுவிடுகிறார். அந்நாள்களில் அவரது சராசரி 250 ஆகிறது என்று கொள்வோம். நான்காம் நாள் பழைய உணவுக்குத் திரும்பினால், 90 நாள் சராசரி ஏறத்தாழ 157. அதாவது, எச்.பி.ஏ.1.சி. 7 சதவீதத்திலிருந்து 7.1 சதவீதம் அளவுக்கே நகரும். அதே மனிதர், "இனி என்ன இருக்கிறது" என்று மனம் தளர்ந்து 60 நாள்கள் அதே 250-இல் இருந்துவிட்டால், சராசரி 218-ஐ எட்டும், எச்.பி.ஏ.1.சி. 9 சதவீதத்தைத் தாண்டும். அண்மை வாரங்களின் பங்கு இந்தப் பரிசோதனையில் சற்றுக் கூடுதல் என்பதால் இக்கணக்கு துல்லியமானதன்று. எனினும், அது சொல்லும் செய்தி சரியானது. மூன்று நாள் சறுக்கலைவிட, அதைத் தொடர்ந்து கைவிட்ட 57 நாள்களே கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்குகின்றன.

உடல் எடையிலும் இப்படித்தான். விருந்துக்குப் பின் எடைபார்க்கும் கருவியில் ஒன்றரைக் கிலோ கூடியிருப்பதைக் கண்டு பலர் அஞ்சுகின்றனர். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர, ஏறத்தாழ 7,700 கலோரி உபரியாக வேண்டும். இரண்டு மூன்று நாள்களில் அந்த அளவுக்கு உண்பது எளிதன்று. உண்ட மாவுச்சத்தின் ஒரு பகுதியை உடல் கிளைகோஜனாகச் சேமிக்கும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் சுமார் மூன்று கிராம் நீரையும் உடன் சேர்த்து வைக்கிறது. பலகாரத்திலுள்ள உப்பும் நீரைப் பிடித்துவைக்கிறது. ஆகையால், திடீரென ஏறிய எடையின் பெரும்பகுதி நீரே. வழக்கமான உணவுக்குத் திரும்பிய சில நாள்களில் அது இறங்கிவிடும்.

மனம் போடும் தவறான கணக்கு

1975-ஆம் ஆண்டில் ஹெர்மன், மாக் என்னும் இரு உளவியலாளர்கள் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தனர். கல்லூரி மாணவியருக்கு மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துப் பார்த்து மதிப்பிடச் சொன்னார்கள். உணவில் கட்டுப்பாடு இல்லாதவர்கள், மில்க் ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைவாகவே உண்டனர். எப்போதும் கட்டுப்பாட்டோடு இருப்பவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு, குடிக்காதபோது உண்டதைவிடக் கூடுதலாக உண்டனர். கட்டுப்பாடு ஒருமுறை உடைந்துவிட்டது என்று மனம் முடிவுசெய்த பிறகு, அன்றைய நாளுக்கு அணையே இல்லாமல் போகிறது. "ஒரு அதிரசம் தின்றாயிற்று, இனி நான்கு தின்றால் என்ன?" என்ற எண்ணம் பலவீனமானவர்களுக்கு மட்டும் வருவதன்று, கட்டுப்பாட்டைத் தீவிரமாகக் கடைப்பிடிப்பவர்களுக்கே அது மிகுதியாக வருகிறது.

இதற்கு ஆறுதலான மறுபக்கமும் உண்டு. புதிய பழக்கம் எவ்வாறு படிகிறது என்பதை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டனர். ஒரு பழக்கம் தானாக நிகழும் நிலையை அடைய, 18 நாள் முதல் 254 நாள் வரை ஆகும் என்று கணித்தனர். நடுத்தர அளவு 66 நாள்கள். இடையே ஒருநாள் தவறியது, பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை என்பதும் அவ்வாய்வில் தெரியவந்தது. ஒருநாள் தவறினால் எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

முன்பு கட்டுப்பாட்டோடு இருந்த காலமும் வீணாவதில்லை. இங்கிலாந்தில் 1977-இல் தொடங்கப்பட்ட பெரிய நீரிழிவு ஆய்வு, சர்க்கரையைத் தீவிரமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறு இரத்தநாளப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்ததை 1998-இல் காட்டியது. ஆய்வு முடிந்த ஓராண்டிலேயே இரு குழுவினரின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. இருந்தும், தொடக்கத்தில் கட்டுப்பாட்டோடு இருந்தவர்களுக்கு அதன் நன்மை பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் நீடித்ததை 2008-இல் வெளியான முடிவுகள் உறுதிசெய்தன. நீங்கள் கட்டுப்பாட்டோடு இருந்த மாதங்களை உங்கள் உடல் மறந்துவிடாது.

ஈடுகட்டும் முயற்சியில் உள்ள ஆபத்து

சறுக்கிய மறுநாள், "நேற்றுத் தின்றதற்கு இன்று பட்டினி" என்று பலர் தண்டனை விதித்துக்கொள்கின்றனர். நீரிழிவு நோயாளிகளுக்கு இது உண்மையிலேயே ஆபத்தானது.

கிளைமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய மாத்திரைகள், நீங்கள் உண்டாலும் உண்ணாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்கின்றன. இவற்றையோ இன்சுலின் ஊசியையோ எடுத்துக்கொண்டு உணவைத் தவிர்த்தால், 'லோ சுகர்' எனப்படும் சர்க்கரைத் தாழ்நிலை ஏற்படக்கூடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, குழப்பமான பேச்சு ஆகியவை இதன் அறிகுறிகள். அளவு 70-க்குக் கீழ் இருந்தால், மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பொடி அல்லது சீனியை நீரில் கரைத்து உடனே அருந்த வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, ஏறவில்லையெனில் மறுபடியும் அருந்த வேண்டும். பின்னர் உணவு கொள்ள வேண்டும். வோக்லிபோஸ் கலந்த மாத்திரை உட்கொள்பவர்களுக்குச் சீனி மெதுவாகவே பலன் தரும். அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பொடி இருப்பது அவசியம். நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதையும் புகட்டக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளை உட்கொள்பவர்கள் பட்டினி கிடந்தாலோ மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலோ, சர்க்கரை மிக உயராத நிலையிலும் இரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகக்கூடும். மருத்துவரைக் கேட்காமல் விரதம் மேற்கொள்ள வேண்டாம்.

மாத்திரையைத் தாமாகவே இரட்டிப்பாக்குவதும், "சர்க்கரை ஏறித்தான் விட்டதே" என்று நிறுத்திவிடுவதும் இதே அளவு தவறானவை. சீனிக்குப் பதிலாகக் கருப்பட்டி, வெல்லம், தேன் ஆகியவற்றுக்கு மாறுவது ஈடாகாது. அவையும் சர்க்கரையை ஏற்றுகின்றன. நன்கு அரைத்துக் காய்ச்சிய கேழ்வரகுக் கூழும் அளவு மீறினால் சர்க்கரையை விரைவாக உயர்த்தும்.

அடுத்த வேளை என்ன செய்வது?

முதலாவதாக, திங்கட்கிழமைக்கோ ஒன்றாம் தேதிக்கோ காத்திருக்க வேண்டாம். பிற்பகலில் சறுக்கினால் இரவு உணவே தொடக்கம்.

இரண்டாவதாக, அந்த வேளை உணவைக் குறைக்காமல் சரியாக அமையுங்கள். தட்டில் பாதி காய்கறிப் பொரியல், கூட்டு அல்லது கீரை. கால் பங்கு சோறு, இட்லி, சப்பாத்தி ஆகியவற்றுள் ஒன்று. மீதிக் கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரதம். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் கீரை, பருப்பு ஆகியவற்றின் அளவை எங்களிடம் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவதாக, உண்டபின் 10 அல்லது 15 நிமிடம் மெதுவாக நடந்தால், உணவுக்குப் பிந்தைய சர்க்கரை உயர்வு தணியும். காலில் புண் இருப்பவர்கள் நடைக்குப் பதிலாக, உட்கார்ந்தபடி செய்யும் பயிற்சிகளைக் கேட்டறியலாம்.

நான்காவதாக, அளவைச் சோதித்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். 280 என்றால் 280 என்றே எழுதுங்கள். அருகில் "அத்தை மகள் திருமணம், மதிய விருந்து" என்று காரணத்தையும் குறியுங்கள். எண் மட்டும் இருந்தால், மருந்து போதவில்லையோ என்று எண்ண நேரும். காரணமும் இருந்தால், மருந்தை மாற்றாமலேயே வழி சொல்ல இயலும்.

ஐந்தாவதாக, சறுக்கியதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை எண்ணிப் பாருங்கள். காலை உணவைத் தவிர்த்துவிட்டுப் பந்திக்குச் சென்றீர்களா? இரவு தூக்கம் கெட்டதா? இனிப்பு டப்பா கண்ணில் படும்படி மேசைமேல் இருந்ததா? பெரும்பாலான சறுக்கல்களுக்கு இத்தகைய எளிய காரணங்களே உள்ளன. மன உறுதியைக் கூட்டுவதைவிட டப்பாவை இடம் மாற்றுவது எளிது.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

"உங்களுக்குத்தான் சர்க்கரையாயிற்றே, இதைத் தொடலாமா?" என்று பந்தியில் எல்லோர் முன்னிலையிலும் கேட்பது அக்கறையினால்தான். ஆயினும், அப்படிக் கேட்கப்பட்டவர் அடுத்த முறை மறைவில் உண்பார். மறைவில் உண்பவருக்கு அளவு இருக்காது. குறிப்பேட்டிலும் அது ஏறாது. அதற்கு மாறாக, "வாங்கப்பா, சாப்பிட்டதும் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருவோம்" என்று மகனோ மகளோ உடன் எழுந்தால், அதுவே பெரிய உதவி.

வந்த பலகாரங்களை அன்றே பங்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். நோயாளிக்கு மட்டும் தனிச் சமையல் என்று வைக்காமல், வீட்டார் அனைவரும் அதே காய்கறியை உண்ணுங்கள். மீந்ததை வீணாக்க மனமின்றித் தாமே உண்டுவிடும் தாய்மார்கள் பலர். அந்த வீடுகளில் அளவாகச் சமைப்பதே அவர்களுக்குச் செய்யும் சிகிச்சை.

உடனே வரவேண்டிய நிலைகள்

மேற்கண்ட ஆறுதல்கள் எல்லா நிலைக்கும் பொருந்தா. சர்க்கரை தொடர்ந்து 300-க்கு மேல் இருத்தல், அடங்காத தாகமும் அடிக்கடி சிறுநீரும், வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மயக்கம், காய்ச்சல், காலில் புதிய புண் அல்லது நிறமாற்றம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்கு வரவேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த அளவை எட்டும்வரை காத்திருக்கவே கூடாது.

மற்றவர்கள், குறித்த நாளில் வழக்கம்போல் வாருங்கள். சர்க்கரை இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஏறியிருக்கும் நாளில்தான் எங்கள் உதவி உங்களுக்குத் தேவை. குறிப்பேட்டில் சில பக்கங்கள் வெறுமையாக இருந்தாலும் அதை எடுத்து வாருங்கள். மாத்திரை அட்டைகளையும், உங்கள் வீட்டில் சமைப்பவரையும் உடன் அழைத்து வந்தால் இன்னும் நன்று. பார்த்து, பேசி, அடுத்த மூன்று மாதங்களுக்கான உணவை அங்கேயே சேர்ந்து எழுதிவிடலாம்.