அரிவாளும் அரிராங்கும்

அடிமை நாட்டிலே அறிவாளி வாய் திறந்தால் சிறைச்சாலை! ஆனால், பித்தன் ஒருவன் அரிவாளை ஓங்கினால்? “பாவம், பித்தன்!” என்று தணிக்கை அதிகாரியும் விட்டுவிடுவான். இந்தச் சூட்சுமத்தைக் கண்டறிந்து, ஒரு நாட்டின் குமுறலையெல்லாம் வெள்ளித்திரையிலே கொட்டிக் காட்டினான் ஓர் இளைஞன். நா ஊன்கியூ அவன் பெயர். கொரியா அவன் நாடு.

1910-இல் கொரியாவை விழுங்கியது ஜப்பான். 1919 மார்ச்சில், விடுதலை கேட்டு வீதிக்கு வந்தனர் மக்கள். வடகோடி எல்லையூரிலே 1902-இல் பிறந்த ஊன்கியூவும் அந்த அணிவகுப்பிலே ஒருவன். எல்லை தாண்டினான், விடுதலைப் படையோடு உறவு கொண்டான், பிடிபட்டான், சிறைப்பட்டான். 1923-இல் வெளியே வந்தவன் நாடகக் குழுவிலே நுழைந்தான். 1925-இல் படத்திலே வேடம் கிடைத்தது. என்ன வேடம் தெரியுமா, தோழர்களே? மன்னனல்ல, மந்திரியல்ல, பல்லக்குத் தூக்கி!

பல்லக்கு சுமந்தவன் மறு ஆண்டே படத்தைச் சுமந்தான். 1926 அக்டோபர் முதல் நாள், சியோல் நகரத் தான்சொங்சா அரங்கிலே வெளிவந்தது ‘அரிராங்’. கதை அவனுடையது, இயக்கம் அவனுடையது, கதாநாயகனும் அவனே. முதல் போட்டவன் மட்டும் ஜப்பானியன்!

படிக்கப் போய்ப் பித்தனாகத் திரும்புகிறான் கிராமத்து மாணவன். பண்ணையாரின் கையாளாய், போலீசின் எடுபிடியாய்த் திரிபவன், ஊரே அறுவடை விழாவில் ஆடிக் களிக்கும் வேளையிலே, அவன் தங்கைமீது கை வைக்கிறான். பாய்கிறது அரிவாள்! சிந்திய இரத்தத்தைக் கண்டதும் பித்தம் தெளிகிறது. ஆனால் கையிலே விலங்கு! அவனை மலை வழியே இழுத்துச் செல்ல, ஊர் மக்கள் பாடுகிறார்கள், ‘அரிராங்’ பாட்டை.

அது ஊமைப்படக் காலம். திரையருகே நின்று கதை சொல்பவன்தான் படத்துக்கு வாய். அவன் சொல்லச் சொல்ல அரங்கமே அழுதது, அரங்கமே பாடியது! பாட்டு அச்சிட்ட விளம்பரத் தாள்களைப் பறிமுதல் செய்தது போலீஸ். தாளைப் பறிக்கலாம், தொண்டையைப் பறிக்க முடியுமா?

1927-இல் சொந்தப் படக் கம்பெனி கண்டான். கொள்கைக்குக் கைதட்டு கிடைத்தது. கடனுக்குக் காசு கிடைக்கவில்லை. கம்பெனி கலைந்தது. வயிற்றுப்பாட்டுக்காக ஜப்பானிய இயக்குநரின் படத்திலும் நடித்தான், ஏசினார்கள். ஏச்சுக்கு அவன் தந்த பதில் நடிப்பு! 1932-இல் வந்த ‘ஓடக்காரனில்லாத ஓடம்’ படத்திலே ஏழை உழவனாக வந்தான். நிலமிழந்து, ரிக்ஷா இழுத்து, சிறை கண்டு, ஓடக்காரனாகும் உழவன். ஆற்றின் குறுக்கே பாலம் வருகிறது, பிழைப்புப் போகிறது, மகளின் மானத்துக்கும் ஆபத்து வருகிறது. கோடரி ஏந்துகிறான்! உழைப்பாளியின் கதையை அன்று அப்படிச் சொன்னார்கள்.

காசநோய் அவனைத் தின்றது. நோயோடு நோயாகக் கடைசிப் படத்தை முடித்தான். 1937 ஆகஸ்டிலே மறைந்தான், வயது 34!

‘அரிராங்’ படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று கிடைக்கவில்லை. சுருள் அழிந்தது; பாட்டு அழிந்ததா? பழைய நாட்டுப்பாட்டு அந்தப் படத்திலே பெற்ற மெட்டுத்தான் இன்று உலகறிந்த ‘அரிராங்’. ஐ.நா.வின் யுனெஸ்கோ அமைப்பு, மரபுச் செல்வப் பட்டியலில் 2012-இல் தென் கொரியாவின் அரிராங்கைச் சேர்த்தது. 2014-இல் வட கொரியாவின் அரிராங்கைச் சேர்த்தது. நாடு இரண்டானது, பாட்டு ஒன்றாகவே இருக்கிறது. பல்லக்குத் தூக்கி விட்டுச் சென்ற சொத்து அது, தோழர்களே!