கைகாட்டி இறங்குமுன்

சித்திரம் எழுதுதல் அரிது. எழுதிய சித்திரத்தை அசையச் செய்தல் அதனினும் அரிது. இவ்வுண்மையை அண்மையில் மும்பை மாதுங்காவில், நம் அலுவலக நண்பர் ஒருவரின் இல்லத்தில் நாம் நேரிற் கண்டறிந்தோம்.

நண்பரின் மகள் நகரத்துக் கல்லூரி ஒன்றில் சித்திரக்கலை பயில்கின்றாள். ‘அனிமேஷன்’ என வழங்கும் சித்திரப் படம் ஒன்றை, இரண்டு மாதங்களுக்குள் தன் கையாலேயே தயாரித்து அளிக்க வேண்டும் என்பது அவளுக்கு இடப்பட்ட பணி. நாற்பது வினாடிப் படந்தானே என்று நாம் எளிதாக எண்ணினோம். அவள் கணக்கை விளக்கியதும் திகைத்துப் போனோம். திரையில் வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரே சித்திரத்தை இருமுறை பதிந்து சிக்கனம் செய்தாலும், வினாடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். ஆக, நாற்பது வினாடிக்கு 480 சித்திரங்கள்! நாளெல்லாம் பேரேடுகளை நிரப்பிப் பழகிய நமக்கே மலைப்பாக இருந்தது.

இத்தகைய பொறுமை நம் நாட்டுக்குப் புதிதன்று. 1913-இல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ படத்தை வெளியிடுவதற்கு முன்பே, தாதாசாகேப் பால்கே, பட்டாணி விதை ஒன்று முளைத்து வளர்வதை நாள்தோறும் சிறிது சிறிதாகப் படமெடுத்து, திரையில் அது செடியாவதைக் காட்டினார். 1956-இல் மும்பை பிலிம்ஸ் டிவிஷனில் சித்திரப் படப் பிரிவு தோன்றியது. அமெரிக்காவில் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் வந்து நம் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தார். புத்த ஜாதகக் கதையைத் தழுவிய ‘தி பேன்யன் டீர்’ 1957-இல் அங்கு உருவாயிற்று.

நம் மாணவி தன் படத்துக்குத் தேர்ந்த பொருள், அவளுடைய தாத்தா. விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து வந்து, இரயில்வே கேபின்களில் லீவர் இழுத்தே ஆயுளைக் கழித்தவர் அவர். ஓர் இரவில், அவர் ஒரு சரக்கு வண்டியை லூப் லைனில் ஏற்றுவதே கதை. பேத்தி வளர்ந்தது இந்தியிலும் மராத்தியிலும். தாத்தாவுக்கோ தமிழே பேச்சு. ஒரே வீட்டில் வாழ்ந்தும் “சாப்பிட்டாயா?” என்பதற்கு மேல் இருவருக்கும் உரையாடல் நிகழ்ந்ததில்லை என நண்பர் வருந்திக் கூறுவார்.

கண்ணாடிப் பலகையின் கீழே விளக்கை வைத்து, தாளின்மேல் தாளை இட்டு அவள் வரைந்தாள். கைப்பேசியால் ஒவ்வொன்றையும் படமெடுத்துக் கணிப்பொறியில் கோத்தாள். முதலில் ஓட்டிப் பார்த்தபோது இஞ்சின் காகிதப் பொம்மைபோல வழுக்கிச் சென்றது. தாத்தா சிரித்தார். “பாரம் ஏற்றின வண்டி எடுத்த எடுப்பிலே ஓடாது கண்ணு. முக்கி முனகித்தான் கிளம்பும்” என்றார். பேத்திக்குப் பிழை விளங்கிற்று. எல்லாச் சித்திரங்களுக்கும் ஒரே இடைவெளி விட்டிருந்தாள். தொடக்கத்தில் நெருக்கியும், போகப்போக அகற்றியும் வரைந்தபின், இஞ்சினுக்கு எடை வந்தது.

ஆயினும் பெருஞ்சோதனை பிறகே வந்தது. ஏறக்குறைய முந்நூறு சித்திரங்கள் முடிந்திருந்த வேளை. படத்தில் முதலில் கைகாட்டி இறங்கிற்று. அதன்பின் தண்டவாளத்தின் பாயிண்ட் திரும்பிற்று. பெரியவர் முகம் மாறிவிட்டது. பாயிண்ட் திரும்பிப் பூட்டப்பட்ட பின்னரே கைகாட்டியின் லீவரை இழுக்க முடியும். கைகாட்டி இறங்கிவிட்டால், அது மீண்டும் நிமிரும்வரை பாயிண்டை அசைக்கவும் இயலாது. லீவர்கள் ஒன்றையொன்று அவ்வாறு பிணைத்து நிற்கும். கம்பியே அறுந்தாலும், எடைக்கல்லின் இழுப்பால் கை தானே நிமிர்ந்து ‘நில்’ என்று காட்டும்.

“பார்க்கிறவர்களுக்கு இது எங்கே தெரியப் போகிறது, தாத்தா?” என்றாள் அவள். “எனக்குத் தெரியுமே, அம்மா” என்றார் அவர். அவ்வளவே. அன்றிரவு அவர் வேறெதுவும் பேசவில்லை.

எஞ்சியிருந்தவை 18 நாட்கள். அக்காட்சி எட்டு வினாடி, 96 சித்திரங்கள். அவற்றையெல்லாம் திரும்ப எழுதினால், மலைமேல் பொழுது விடிவதாக அவள் ஆசையோடு திட்டமிட்டிருந்த கடைசிக் காட்சிக்கு நேரமிராது. மறுநாள் காலை, பழைய தாள்களைக் கட்டிப் பரணில் வைத்துவிட்டு, தாத்தாவின் எதிரில் அமர்ந்து லீவர்களின் வரிசையைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அதன்பின் நாள்தோறும் மாலையில் இருவரும் பேசினர். கை நிமிரும்போது ஓர் அதிர்வு அதிர்ந்தே ஓயும் என்பதையும் அவர் தம் முழங்கையை ஆட்டிக் காட்டினார். தெரியாத தமிழ்ச் சொற்களை அவள் கேட்டாள். தெரியாத இந்திச் சொற்களை அவர் கேட்டார்.

படம் 34 வினாடிகளில், 408 சித்திரங்களோடு முடிந்தது. விடியற்காலை அதில் இல்லை. பெயர் ‘கைகாட்டி’. அந்த நான்கு எழுத்துகளையும் தாத்தாவிடமே பழகித் தன் கையால் தமிழில் எழுதியிருந்தாள். வீட்டில் அவள் தமிழ் எழுதியது அதுவே முதன்முறை.

நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழை மறக்கின்றனர் என்று நாம் கூட்டந்தோறும் குறைபட்டுக்கொள்கிறோம். அவர்களுக்குத் தேவையான ஏதோவொன்று நம் முதியோரிடம் உண்டென்று காட்டினால், மொழி தானாகவே உடன் வரும் என்பதை அன்று உணர்ந்தோம்.

படத்தைப் பெரியவர் மூன்று முறை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “வண்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது” என்றார்.