மாணவரும் காஃபீனும்

முதல் பாடவேளையிலேயே தலை சாய்த்து உறங்கும் மாணவனைச் சோம்பேறி என்றும், பிற்பகலில் நிலைகொள்ளாது அருகிலிருப்போருடன் சச்சரவிடும் மாணவனை அடங்காதவன் என்றும் கருதுதல் வழக்கம். முந்திய இரவு எத்தனை மணிக்கு உறங்கினான், அதற்குமுன் யாது அருந்தினான் என்று வினவினால், சில வேளைகளில் உண்மைக் காரணம் புலனாகும்.

காப்பி, தேயிலை, கோலா பானங்கள், ‘எனர்ஜி டிரிங்க்’ எனப்படும் ஊக்க பானங்கள் ஆகியவற்றில் காஃபீன் அடங்கியுள்ளது. இதனை 1819ஆம் ஆண்டில் ரூங்கே என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் காப்பிக் கொட்டையிலிருந்து பிரித்தெடுத்தார். நாம் விழித்திருக்குங்கால் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சிறிது சிறிதாகச் சேர்ந்து களைப்பை உணர்த்துகிறது. அப்பொருள் சென்று பொருந்த வேண்டிய இடங்களைக் காஃபீன் அடைத்துக்கொள்கிறது. ஆகவே களைப்பு நீங்குவதில்லை. களைப்பின் அறிவிப்பே மறைக்கப்படுகிறது.

உட்கொண்ட காஃபீனில் பாதி உடலினின்று நீங்கச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். தேர்வுக்குப் படிக்கும் மாணவி இரவு 9 மணிக்கு 80 மில்லிகிராம் காஃபீன் உள்ள காப்பியை அருந்தினால், பின்னிரவு 2 மணிக்கும் சுமார் 40 மில்லிகிராம் எஞ்சியிருக்கும். உறக்கம் தாமதமாகும், ஆழமும் குறையும். 13 முதல் 18 வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. அது குறையின் மறுநாள் கவனச் சிதறலும் எரிச்சலும் தோன்றும். அக்களைப்பைப் போக்க மீண்டும் காப்பியை நாடுவர்; இவ்வாறு பழக்கம் வேரூன்றுகிறது.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியின்படி, 150 மில்லிலிட்டர் வடிகாப்பியில் 80 முதல் 120 மில்லிகிராமும், அதே அளவு தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராமும் காஃபீன் உண்டு. சிறுவர்க்கு உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாளொன்றுக்கு 3 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் தெரிவித்த கருத்து. 40 கிலோ எடையுள்ள சிறுவனுக்கு இது 120 மில்லிகிராம். வடிகாப்பி இரு குவளைகளே இவ்வளவைக் கடந்துவிடும். ஊக்க பானங்களின் மேலுறையில், அவை குழந்தைகளுக்கு ஏற்றவையல்ல என்னும் எச்சரிக்கை இடம்பெற வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

பிறிதொரு தீங்கும் உண்டு. தேநீரிலும் காப்பியிலும் உள்ள டானின் உணவிலுள்ள இரும்புச் சத்தை உடல் ஏற்பதைத் தடுக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை இருந்தது. ஆதலின் உணவுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இவற்றைத் தவிர்த்தல் நலம்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கவை எளியனவே. தண்டிக்குமுன் விசாரித்தல் வேண்டும். அருந்திய பானங்களையும் உறங்கிய நேரத்தையும் ஒரு வாரம் மாணவரே குறித்துவரச் செய்யலாம். மாலைக்குப்பின் காஃபீன் பானங்களைத் தவிர்க்குமாறு பெற்றோரிடம் கூறலாம். நாள்தோறும் மிகுதியாக அருந்துவோர் திடீரென நிறுத்தினால் தலைவலியும் சோர்வும் உண்டாகும். எனவே அளவைப் படிப்படியாகக் குறைத்தலே தக்கது.

எல்லாக் குறைகளுக்கும் தேநீரே காரணம் என்று கொள்ளலாகாது. பசி, நோய், வீட்டு வேலைச் சுமை ஆகியவையும் மாணவரை வாட்டுவன. காலையில் உணவின்றித் தேநீர் மட்டும் அருந்தி வரும் பிள்ளைக்கு அறிவுரையினும் உணவே முதற்கண் வேண்டுவது.