அனிமோனுக்கு வெளிச்சமும் உணவுதான்

1828இல் ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக் கடற்கரையில் சர் ஜான் டேலியெல் என்ற இயற்கையியலாளர் ஒரு கடல் சாமந்தியை, அதாவது அனிமோனை, எடுத்துவந்து கண்ணாடிச் சாடியில் வளர்த்தார். 1851இல் அவர் மறைந்த பிறகும் அது கைமாறிக் கைமாறி, எடின்பரோவில் 1887 வரை உயிரோடு இருந்தது. ‘பாட்டி’ என்றே அதை அழைத்தார்கள். அதற்கு மின்விளக்கும் கிடையாது, பம்பும் கிடையாது. கடல்நீரை மாற்றி, அவ்வப்போது இரை கொடுத்தார்கள், அவ்வளவுதான். இன்று அத்தனை கருவிகளோடும் வீட்டுத் தொட்டியில் விடப்படும் அனிமோன்கள் சில மாதங்களிலேயே செத்துப்போவது சாதாரணமாக நடக்கிறது.

பாட்டி, குளிர்ந்த கடலோரப் பாறைக் குழிகளில் வாழும் இனம். இரையை நம்பியே வாழ்வது. கோமாளி மீனுக்காக நாம் வாங்கும் வெப்பக்கடல் அனிமோனின் பிழைப்பு வேறு. அதன் திசுக்களுக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெளிச்சத்தைக் கொண்டு சர்க்கரை தயாரித்து, பெரும்பங்கை அனிமோனுக்குத் தருகின்றன. விளக்கு மங்கலாக இருந்தால், எவ்வளவு இறால் ஊட்டினாலும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வரும். அதனால் பவளம் வளர்க்கப் பயன்படும் தரமான எல்.இ.டி. விளக்கு வேண்டும், அலங்கார விளக்கு போதாது.

கடையில் ஏமாறும் இடமும் இதுதான். பளிச்சென்ற வெள்ளை அனிமோன் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்த வெள்ளை, பாசிகளை இழந்துவிட்டதன் அடையாளம். எலுமிச்சை மஞ்சள் போன்ற அடர்நிறத்தில் இருப்பவை பல நேரம் சாயம் ஏற்றப்பட்டவை. மங்கிய பழுப்பு நிறத்தில், வாய் இறுக மூடி, பாதத்தில் கிழிசல் இல்லாமல் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். முதல்முறை வளர்ப்பவருக்கு, கைநுனிகள் குமிழ் போல உப்பும் ‘பபிள் டிப்’ இனமே ஏற்றது. கம்பள அனிமோன்களைக் காப்பாற்றுவது அனுபவசாலிகளுக்கே சிரமம்.

புதிதாக அமைத்த தொட்டியில் அனிமோனை விடக் கூடாது. கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் பெருகி, நீர் நிலைப்பட ஆறு மாதமாவது ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். வெப்பநிலை 24 முதல் 27 டிகிரி செல்சியஸ், உப்பு லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம். சென்னைக் கோடையில் அறையில் வைத்த தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் பாசிகள் வெளியேறத் தொடங்கும். எனவே நீரைக் குளிர்விக்கும் சில்லர் இங்கே ஆடம்பரச் செலவு இல்லை; அதற்குப் பணம் ஒதுக்க முடியாவிட்டால் அனிமோனைத் தள்ளிப்போடுவதே அதற்குச் செய்யும் நன்மை. மின்விசிறி வைத்துக் குளிர்விப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்கு ஆர்.ஓ. நீரைத்தான் ஊற்ற வேண்டும். உப்புநீரையே மறுபடி மறுபடி ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

அனிமோன் நடக்கும். இதை மறந்து தொட்டி அமைத்தவர்கள் பலர். பிடிக்காத இடத்தில் வைத்தால் பாதத்தைப் பெயர்த்துக்கொண்டு, வெளிச்சமும் நீரோட்டமும் ஒத்துவரும் இடம் தேடிப் போகும். போகும் வழியில் பவளங்களைக் கொட்டும். நீரோட்டம் தரும் பவர்ஹெட்டுக்குள் சிக்கினால் அரைபட்டு, தொட்டி நீர் முழுவதும் கெட்டுவிடும். ஆகவே பம்பு வாய்களுக்கெல்லாம் பஞ்சு உறையோ வலையோ போட்டுவிட்டுத்தான் அனிமோனைக் கொண்டுவர வேண்டும். பாதத்தை நுழைத்துக்கொள்ள ஆழமான இடுக்குள்ள பாறையும் வேண்டும். அது தானாக ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால், நமக்குப் பிடித்த கோணத்துக்காகப் பெயர்த்து எடுக்காதீர்கள்; கிழிந்த பாதம் எளிதில் ஆறாது.

வாரம் ஒருமுறை, அதன் வாயைவிடச் சிறிய பச்சை இறால் துண்டு போதும். உணவு போவதும் கழிவு வருவதும் ஒரே வாய் வழியாகத்தான். கழிவை வெளியேற்றும்போது காற்றுப்போன பை மாதிரி சுருங்கிக் கிடக்கும். பயப்பட வேண்டாம், சில மணி நேரத்தில் விரியும். ஆனால் வாய் பிளந்து, நாள் கணக்கில் சுருங்கியே இருந்து, திசு நைந்து நாற்றமடித்தால் உடனே வெளியே எடுத்துவிடுங்கள்.

கோமாளி மீனுக்கு அனிமோன் கட்டாயம் என்று நினைத்து வாங்குகிறவர்கள் உண்டு. கொன்று தின்னும் மீன்கள் இல்லாத தொட்டியில் அது அனிமோன் இல்லாமலே நன்றாக வாழும். அந்த மீனுக்காக மட்டும் வாங்க நினைத்தால், வாங்க வேண்டாம்.

நன்றாக வளரும் பபிள் டிப் தானாகவே இரண்டாகப் பிளந்து பெருகும். அப்படி யாரோ ஒருவர் தொட்டியில் பிறந்ததைத் தேடி வாங்குங்கள். அது விளக்குக்கும் தொட்டி நீருக்கும் ஏற்கெனவே பழகியது, கடலிலிருந்து பிடுங்கப்பட்டதும் இல்லை. கடைக்காரர் ‘மன்னார் வளைகுடாச் சரக்கு’ என்று சொன்னால் விலகிவிடுங்கள். அங்குள்ள 21 தீவுகளைச் சுற்றிய கடல் தேசியப் பூங்கா. அங்கிருந்து உயிர்களை எடுப்பது குற்றம். பவளப் பாறைத் துண்டுகளும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வருவதால், தொட்டிக்குச் செயற்கைப் பாறையையே வாங்குங்கள்.