சிரிப்பும் விசுவாச வாழ்வும்

வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பத்தில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், "இவர்களுக்கு என்ன கவலை?" என்று அயலார் கேட்பதுண்டு. துன்பத்தில் இருப்போர் சிரிப்பது விசுவாசத்துக்குக் குறைவு என்று நம்மிற் சிலரும் எண்ணுகிறோம். இது சரிதானா?

வேதாகமத்தில் ஆபிரகாமும் சாராளும் சொந்த ஊரை விட்டுக் கூடாரங்களில் வாழ்ந்தவர்கள். முதிர்வயதில் பிள்ளை பிறக்கும் என்ற வாக்கைக் கேட்டுச் சாராள் கூடாரத்துக்குள் சிரித்தாள். பின்பு பயந்து, சிரிக்கவில்லை என்று மறுத்தாள். அதற்காகக் கடவுள் வாக்கை மாற்றவில்லை. பிறந்த பிள்ளைக்கு ஈசாக்கு என்று பெயர். எபிரேய மொழியில் 'நகைப்பான்' என்பது அதன் பொருள்.

நம் தமிழிலும் ஒரு சான்று உண்டு. இத்தாலியில் பிறந்து தமிழகத்தில் பணியாற்றிய வீரமாமுனிவர் (1680–1747) ஓர் இயேசு சபைக் குரு. தேம்பாவணி பாடிய அவரே 'பரமார்த்த குருவின் கதை'யையும் எழுதினார். அது 1822இல் லண்டனில் அச்சானது.

அக்கதையில் குருவும் ஐந்து சீடரும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறி எண்ணினால் ஐந்து பேர்தான்! எண்ணுகிறவர் தம்மை விட்டுவிட்டே எண்ணுகிறார். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டது என்று எல்லோரும் அழுகிறார்கள். வழிப்போக்கர் ஒருவர் எண்ணிக் காட்டிய பிறகுதான் அழுகை ஓய்கிறது.

நாமும் அப்படித்தான். நிவாரணப் படிவத்தில் வீடு, உருளைக்கிழங்குப் பாத்தி, கறவைப் பசு என்று இழந்ததை எல்லாம் எழுதுகிறோம். எழுதத்தான் வேண்டும், சிரித்துக்கொண்டு உரிமையை விட்டுவிடக்கூடாது. ஆனால் மிஞ்சியதை எண்ணும்போது நம்மையே மறந்துவிடுகிறோம். கரட்டும் லீக்ஸும் விளைவித்த கை, மழையின் குறிப்பறிந்த கண், ஒருவருக்கொருவர் துணை, இவையும் கணக்கில் சேரவேண்டியவை. நம் மடமையைக் கண்டு நாமே சிரிக்கும்போது இந்தக் கணக்கு நேராகிறது. தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவனிடம் அகந்தையும் நிற்காது, அவநம்பிக்கையும் நிற்காது.

எல்லாச் சிரிப்பும் நல்லதல்ல. பிறருடைய சாதியை, உடற்குறையை, வறுமையைச் சொல்லிச் சிரிப்பது பாவம். உண்மையாகவே ஆளை இழந்த வீட்டில் வேடிக்கை பேசுவதும் தகாது. அங்கே கூட அமர்ந்து அழுவதே அன்பு.

பட்டிப்பொல, இலங்கையின் மிக உயரமான புகையிரத நிலையம் உள்ள ஊர். கடல்மட்டத்துக்கு 6,200 அடிக்கு மேலே இருக்கிறது. இத்தகைய குளிர்மேட்டில் மாலையில் எல்லோரும் அடுப்பைச் சுற்றித்தான் உட்காருவோம். அப்போது இக்கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம். பிறகு வீட்டிலுள்ளோரை எண்ணச் சொல்வோம். எண்ணுகிற பிள்ளை தன்னையும் சேர்த்து எண்ணட்டும்.