மென்பொருள் முகவருக்கு இரு பக்கமும் இடி

வியாபாரம் படுத்துவிட்டால் ஒரு கடைக்காரர் முதலில் எதை நிறுத்துவார்? வாடகையை நிறுத்த முடியாது. வேலையாள் சம்பளத்தை ஓரிரு வாரம் இழுக்கலாம், அதற்கு மேல் முடியாது. ஆனால் புதிய கணக்கு மென்பொருள் வாங்குவதை மட்டும் “அடுத்த வருஷம் பார்க்கலாம் தம்பி” என்று சொல்லி எளிதாகத் தள்ளிப்போட்டுவிடலாம். பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் துணிக்கடை, நகைக்கடை, உணவகம் என்று ஏறி இறங்கும் மென்பொருள் முகவர்கள் இந்தப் பதிலை நன்றாக அறிவார்கள்.

நம் நாட்டில் சிறு, நடுத்தர வியாபாரங்களுக்கான மென்பொருளை, அதைத் தயாரித்த நிறுவனம் பெரும்பாலும் நேரடியாகக் கடைக்கு வந்து விற்பதில்லை. யூபிஎஸ், ஆட்டோகவுண்ட் போன்று மலேசியாவிலேயே உருவான கணக்கு மென்பொருள்களும் முகவர்கள் வழியாகத்தான் ஊர் ஊராகப் பரவின. வெளிநாட்டு மென்பொருள் என்றால் இடையில் ஒரு மொத்த விநியோகிப்பாளரும் இருப்பார். கணினியில் ஏற்றிக் கொடுப்பது, சரக்குக்கு எண் போடுவது, கல்லாவில் இருப்பவருக்குக் கற்றுக்கொடுப்பது, இரவு ஒன்பது மணிக்கு “ரசீது வரமாட்டேங்குது” என்று அழைப்பு வந்தால் எடுப்பது, எல்லாமே முகவர் வேலை. இதற்காக விலையில் ஒரு பங்கு அவருக்குக் கிடைக்கிறது.

நிறுவனம் ஏன் இந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறது? ஊருக்கு ஊர் சொந்த ஆள் வைத்தால் மாதாமாதம் சம்பளம் கொடுக்க வேண்டும். முகவருக்கோ விற்றால்தான் காசு. நல்ல காலத்தில் இது இருவருக்கும் பொருந்திவரும். மந்த காலம் வரும்போதுதான் இந்த ஏற்பாட்டின் மறுபக்கம் தெரியும். விற்பனை பாதியாகக் குறைந்தாலும் முகவருடைய கடை வாடகை, பெட்ரோல், ஊழியர் சம்பளம் எதையும் நிறுவனம் ஏற்பதில்லை. அதாவது, மந்தத்தின் பாரத்தில் ஒரு பெரும் பகுதி முன்கூட்டியே முகவர் தோளுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. சேமிப்பைப் போட்டு முகவராகக் கிளம்பும் நம் இளைஞர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை.

1997ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடியை எடுத்துக்கொள்வோம். அதற்கு முன்பு ஓர் அமெரிக்க டாலர் சுமார் இரண்டரை வெள்ளி. 1998 ஜனவரியில் அது 4 வெள்ளி 88 காசு வரை போனது. 400 டாலர் விலையுள்ள வெளிநாட்டு மென்பொருளுக்கு 1,000 வெள்ளி கொடுத்து வந்தவர், ஆறே மாதத்தில் ஏறக்குறைய 1,950 வெள்ளி கொடுக்க வேண்டிய நிலை. வாங்குவது டாலரில், விற்பது வெள்ளியில். பழைய விலையைச் சொல்லி ஒப்புக்கொண்ட முகவருக்கு நட்டம், புதிய விலையைச் சொன்னால் வாடிக்கையாளர் வாங்கமாட்டார். 1998 செப்டம்பரில் அரசாங்கம் ஒரு டாலருக்கு 3 வெள்ளி 80 காசு என்று நாணய மதிப்பை நிலைப்படுத்திய பிறகுதான் விலை சொல்லவே தைரியம் வந்தது. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் ஏழு விழுக்காட்டுக்கும் மேல் சுருங்கியிருந்தது. போதாக்குறைக்கு, அந்தக் காலத்தில் கோலாலம்பூர் இம்பி பிளாசாவில் திருட்டு வட்டு சில வெள்ளிக்குக் கிடைத்தது! உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்களே, அந்த மத்தளம்தான் முகவர்.

நாடு முழுவதும் மந்தமாக இல்லாவிட்டாலும் ஒரு தொழில் மட்டும் மந்தமாகலாம். 2015 ஏப்ரல் 1ஆம் தேதி 6 விழுக்காடு பொருள் சேவை வரி அமலுக்கு வந்தது. ஆண்டுக்கு ஐந்து லட்சம் வெள்ளிக்கு மேல் வியாபாரம் செய்பவர் பதிந்தே ஆக வேண்டும், கணக்கை ஒழுங்காகக் காட்டியே ஆக வேண்டும். மென்பொருள் வாங்க 1,000 வெள்ளி மதிப்புள்ள மின் பற்றுச்சீட்டையும் அரசாங்கம் சிறு வியாபாரிகளுக்கு வழங்கியது. அதுவரை நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதியவர்கள்கூட முகவரைத் தேடி வந்தார்கள். மூன்று ஆண்டுகளில் காட்சி மாறியது. 2018 மே மாதப் பொதுத்தேர்தலில் ஆட்சி மாறி, ஜூன் 1ஆம் தேதி வரி பூஜ்யமானது. செப்டம்பரில் விற்பனை, சேவை வரி திரும்பி வந்தது. சில்லறைக் கடைகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வரியில் பதிவு செய்யும் தேவை இல்லை. சட்டம் கொண்டுவந்து கொடுத்த வாடிக்கையாளர்களைச் சட்டமே திருப்பி எடுத்துக்கொண்டது. வரியை மட்டும் சொல்லி விற்றவருக்கு அதன் பிறகு சொல்ல ஒன்றுமில்லை. சரக்கு இருப்பையும் வரவேண்டிய கடனையும் பார்க்கக் கடைக்காரருக்குக் கற்றுக்கொடுத்திருந்த முகவரின் நிலை அவ்வளவு மோசமில்லை. வரி போன பிறகும் கடைக்காரருக்கு அது தேவைப்பட்டது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. மென்பொருளின் விலை 3,000 வெள்ளி, முகவரின் பங்கு 1,200 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாதம் பத்து விற்றால் 12,000. செலவு 7,000 போனாலும் கையில் 5,000 நிற்கும். விற்பனை நான்காகக் குறைந்தால் வருமானம் 4,800, மாதம் 2,200 வெள்ளி கையைக் கடிக்கும். இப்போது இன்னொரு முகவர். அவரிடம் பழைய வாடிக்கையாளர்கள் 150 பேர். ஆளுக்கு ஆண்டுக்கு 600 வெள்ளி பராமரிப்புக் கட்டணம். மொத்தம் 90,000, மாதத்துக்கு 7,500. புதிதாக ஒன்றுகூட விற்காத மாதத்திலும் அவருடைய கடை திறந்திருக்கும்.

இது தெரியாத விஷயமா என்றால், தெரிந்ததுதான். ஆனால் போட்டியில் ஜெயிக்க “சர்வீஸ் இலவசம் அண்ணே” என்று சொல்லிவிடுகிறார்கள். நம்மவர்களிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. “தெரிந்த பிள்ளைதானே, கொஞ்சம் வந்து பார்த்துட்டுப் போப்பா” என்று கூப்பிட்டு, ஒரு தே தாரிக்கோடு அனுப்பிவிடுவார்கள். நல்ல காலத்தில் இலவசமாகப் போனவர், மந்த காலத்தில் பில் நீட்டினால் யார் கொடுப்பார்? கட்டணத்தை முதல் நாளே எழுதிக்கொள்வதில் உறவு கெட்டுவிடாது.

நட்டத்தைவிட வேகமாக முகவரை வீழ்த்துவது கடன் தவணை. நிறுவனத்துக்கோ விநியோகிப்பாளருக்கோ 30 நாளில் பணம் கட்ட வேண்டும். கடைக்காரரோ அடுத்தடுத்த மாதத் தேதி போட்டு மூன்று காசோலை கொடுப்பார், அதில் கடைசிக் காசோலை வங்கியிலிருந்து திரும்பி வரும். இதற்கு நடுவில் காலாண்டு முடிவில் நிறுவனத்திடமிருந்து அழைப்பு வரும். மாதக் கடைசிக்குள் இருபது உரிமம் எடுத்தால் கூடுதல் தள்ளுபடி என்பார்கள். சந்தை சரியும்போது இதற்கு ஆசைப்பட்டால், அந்த உரிமங்கள் மேசை அறையில்தான் தூங்கும். புதிய பதிப்பு வந்துவிட்டால் அதுவும் போச்சு.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது கடைக்குப் போகவே வழியில்லை. அந்த ஆண்டு பொருளாதாரம் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. அதே நேரத்தில் சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான இலக்கவியல் மானியம் ஒன்று இருந்தது. செலவில் பாதியை, 5,000 வெள்ளி வரை அரசாங்கம் ஏற்கும் திட்டம். விண்ணப்பத்தை நிரப்பவும், எந்த ஆவணம் வேண்டும் என்று சொல்லவும் ஆள் தேவைப்பட்டது. தொலைபேசியிலேயே அதைச் செய்துகொடுத்த முகவர், விற்பவர் என்ற நிலையிலிருந்து ஆலோசகர் என்ற நிலைக்கு உயர்ந்தார்.

இப்போது மென்பொருள் பெட்டியில் வருவதில்லை, சந்தாவாக வருகிறது. இதிலும் பாரம் கைமாறுகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2022இல் கொண்டுவந்த விற்பனை விதிகளின்படி, ஆண்டுச் சந்தாவைத் தொடங்கிய சில நாட்களுக்குள் ரத்து செய்யாவிட்டால் முழு ஆண்டுக்கும் கட்டியாக வேண்டும். மாதச் சந்தா என்றால் விலை 20 விழுக்காடு அதிகம். வாடிக்கையாளரின் கடை பாதியில் மூடப்பட்டால்? மீதிப் பணத்துக்கு முகவர்தான் பொறுப்பு. உலகெங்கும் முகவர்கள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், லாபம் எத்தனை விழுக்காடு என்ற வரியோடு நிறுத்திவிடக் கூடாது. வாடிக்கையாளர் பணம் கட்டாவிட்டால் யார் பொறுப்பு, தேடிப் பிடித்த வாடிக்கையாளரை முகவர் பெயரில் பதிந்துவைக்க முடியுமா, நிறுவனமே நேரடியாகப் போய் விற்குமா, நிறுவனம் கைமாறினால் என்ன ஆகும் என்பவைதான் மந்த காலத்தில் சோறு போடும் வரிகள். கைமாறுவது வெறும் கற்பனை அல்ல. யூபிஎஸ் முதலில் பிரிட்டனின் சேஜ் குழுமத்துக்கும், 2021இல் ஆக்செஸ் குழுமத்துக்கும் போனது. மென்பொருள் அதேதான், முகவர் பேச வேண்டிய முதலாளி மட்டும் இரண்டு முறை மாறிவிட்டார்.

2024 ஆகஸ்டு 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, படிப்படியாகச் சிறிய வியாபாரங்களை நோக்கி வந்தது மின் விலைப்பட்டியல். மீண்டும் முகவர்களைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். உள்நாட்டு வருமான வரி வாரியம் மைஇன்வாய்ஸ் தளத்தை இலவசமாகவே தருகிறது. நாளைக்கு நாலைந்து பட்டியல் போடும் கடைக்கு அதுவே போதும், அங்கே மென்பொருளைத் திணிப்பது சரியல்ல. நாளைக்கு இருநூறு பட்டியல் போடும் கிள்ளான் லோரி நிறுவனத்துக்கு அது போதாது. முகவர் போக வேண்டிய இடம் அதுதான், போகும்போது பராமரிப்புக் கட்டணத்தையும் விலைப் பட்டியலிலேயே எழுதிக்கொண்டு போகட்டும்.