பிடியரிசியில் எழுந்த சங்கம்: அத்தியட்சர் அசரியாவின் வாழ்வும் பணியும்

சங்கம் ஒன்று நெடுங்காலம் நிலைத்து நிற்பது எதனால் என்று அங்கத்தினர்கள் நம்மைக் கேட்பதுண்டு. அரசாங்க உதவியால் என்பார் சிலர். திறமையுள்ள காரியதரிசி வாய்த்தால் போதும் என்பார் வேறு சிலர். இரண்டும் வேண்டியவையே. ஆயினும், அங்கத்தினர் ஒவ்வொருவரும் ‘இது என் சங்கம்’ என்று எண்ணித் தம் கைப்பொருளில் ஒரு சிறு பங்கையேனும் அதில் இடாவிட்டால், எத்தனை உதவி வந்தாலும் அச்சங்கம் நிலைக்காது என்பது நம் துணிபு. இதற்குச் சான்றாக, நம் திருநெல்வேலிச் சீமையில் பிறந்து புகழ் பெற்ற ஒரு பெருந்தகையின் வாழ்க்கையை இங்கு நினைவுகூர விரும்புகிறோம். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பது அன்னாரின் பெயர்.

அவர் கிறிஸ்தவத் திருச்சபையின் தலைவர். நம் சங்கங்களிலோ தென்காசிக் கோபுரத்தைக் கும்பிடுவோரும், கடையநல்லூர்ப் பள்ளிவாசல்களில் தொழுவோரும், சுரண்டை, நல்லூர் ஆலயங்களில் ஜெபிப்போரும் ஒரே ஜமக்காளத்தில் அமர்ந்து ஒரே பேரேட்டில் கணக்கு வைத்திருக்கின்றனர். ஆகவே சமயப் பிரசாரம் நம் நோக்கமன்று. ஒரு மனிதர் எளிய மக்களைக் கொண்டு எவ்வாறு ஒரு ஸ்தாபனத்தைக் கட்டினார் என்பதே நாம் கருதும் பொருள்.

பிறப்பும் கல்வியும்

அசரியா 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17-ஆம் நாள் வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் பிறந்தார். குற்றாலத்துச் சாரலும் சிற்றாற்று நீரும் பெறும் நம் பகுதியைப் போன்றதன்று அது. பனைமரங்கள் அடர்ந்த செம்மணல் பூமி. தந்தையார் தாமஸ் வேதநாயகம் கிராமக் குருவானவர். அவர் 1889-இல் காலமானார். பின்னர்த் தாயார் எலன் அம்மையாரின் கண்டிப்பிலும் பக்தியிலும் பிள்ளை வளர்ந்தார்.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்ற அவரால், நோயின் காரணமாக இறுதித் தேர்வை எழுத இயலாது போயிற்று. பட்டமின்றியே வெளியேறிய அவருக்கு, 1920-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1895 முதல் அவர் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாக ஊர் ஊராய்ப் பிரயாணம் செய்து இளைஞரிடையே உழைத்தார்.

இல்லறம்

1898-இல் அவர் அன்பு அம்மையாரை மணந்தார். அம்மையார் அக்காலத்திலேயே கல்லூரிப் படிப்பை எட்டியவர். வரதட்சணை வாங்குவதில்லை என்று அசரியா உறுதியாய் நின்றார். கலியாணச் செலவையும் மிகச் சுருக்கினார். இன்றைக்கு நூறாண்டுகளுக்கும் முன் நடந்த செயல் இது. ஒரு கலியாணத்துக்காகத் தறியையும் வயலையும் ஈடு வைத்துப் பத்தாண்டுக் காலம் வட்டி கட்டும் குடும்பங்களை நாம் இன்றும் காண்கிறோம். அன்னாரின் மணப்பந்தல் நமக்கு அளிக்கும் பாடம் சிறிதன்று.

அவர்களுக்குப் பிள்ளைகள் ஆறு பேர். பிற்காலத்தில் கணவர் கிராமங்களைச் சுற்றிவர, அம்மையார் பெண்களின் கல்வியையும் தாய்மாரின் நலத்தையும் தம் பொறுப்பாக ஏற்று உழைத்தார். அவர் துணையின்றி அசரியாவின் பணி பாதியளவும் நடந்திராது என்பதில் ஐயமில்லை.

நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம்

1902-இல் அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பொருளைக் கொண்டு தமிழகத்துக்கு ஊழியரை அனுப்பியிருந்ததைக் கண்டார். அவர்களினும் தொகையில் பன்மடங்கு மிகுந்த திருநெல்வேலித் திருச்சபை, எல்லாவற்றுக்கும் வெளிநாட்டாரின் கையை எதிர்நோக்கியிருந்தது அவரை உறுத்தியது. ஊர் திரும்பியதும் நண்பர்களைக் கூட்டினார். 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் ‘இந்திய மிஷனெரி சங்கம்’ தோன்றிற்று. ஊழியர் இந்தியர், பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது. இதுவே அதன் அடிப்படை விதி.

நம் நாட்டின் முதல் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் 1904-இல் வந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, பனையேறிகளும் சிறு உழவர்களும் சிறு வியாபாரிகளும் மிகுந்த ஒரு சமூகம், தன் காசைத் தானே சேர்த்து, தன் கமிட்டியைத் தானே அமைத்து, தொலைவிலுள்ள அந்நிய மொழிப் பிரதேசத்தில் ஒரு பணியை நடத்த முற்பட்டதை அங்கத்தினர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இப்பணிகளுக்கு ஊன்றுகோலாய் நின்றவற்றுள் ஒன்று பிடியரிசி. உலை வைக்கும் போதெல்லாம் இல்லத்தரசி ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் இட்டு வைப்பாள், அது ஆலயத்தில் சேரும், விற்றுப் பணமாகும். ஒரு பிடியால் எவர் வயிறும் குறைவதில்லை. ஆயிரம் வீட்டுப் பிடிகள் சேர்ந்தால் ஓர் ஊழியரின் குடும்பம் பிழைக்கும்.

1905 டிசம்பர் 25-ஆம் நாள் வங்காளத்திலுள்ள செராம்பூரில், அகில இந்தியாவுக்குமாகத் ‘தேசிய மிஷனெரி சங்கம்’ அமைந்தபோதும் அசரியா முன்னின்றார். உடன் நின்றவர்களுள் சேலத்தைச் சேர்ந்த கே. டி. பால் ஒருவர். பின்னாளில் கிராமங்களில் கூட்டுறவு நாணயச் சங்கங்கள் பரவ உழைத்தவர் அவரே என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

தோர்ணக்கல்லில்

பாளையங்கோட்டைச் சங்கம் தேர்ந்துகொண்ட களம், நைஜாம் ராஜ்யத்தில் தெலுங்கு மக்கள் வாழ்ந்த தோர்ணக்கல் பகுதி. பிறரைப் போகச் சொல்லிவிட்டுத் தாம் இருப்பது முறையாகாது என்று கருதிய அசரியா, 1909-இல் உயர்ந்த பதவியைத் துறந்து, தெலுங்கு கற்று, அங்கேயே சென்று தங்கினார். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் அவர் அத்தியட்சராக, அதாவது பிஷப்பாக, அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை எய்திய முதல் இந்தியர் அவரே. இந்தியர் ஒருவர் வெள்ளையருக்கும் மேலதிகாரியாவதா என்று அன்று முணுமுணுத்தோர் உண்டு. அவரோ 1910-இல் எடின்பரோ மகாநாட்டிலேயே, இந்தியருக்கு மேலிருந்து காட்டும் பரிவு போதாது, சமமான நட்பே வேண்டும் என்று அஞ்சாது உரைத்தவர்.

அவர் மேய்த்த மக்களில் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட உழைப்பாளிகள். மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சென்று, அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் நான்கு பகைகளாகச் சுட்டி இடைவிடாது போராடினார். இந்நான்கனுள் கடனுக்கும் குடிக்கும் உள்ள உறவைத் தறிக்கூடங்களில் பழகிய நாம் விளக்க வேண்டுவதில்லை.

ஏழைகளிடம் காணிக்கை கேட்பது தகுமா என்று கேட்டோர் இருந்திருக்கலாம். வாங்கிக்கொண்டே இருப்பவன் தன்னைச் சிறியவனாகவே எண்ணுகிறான். கொடுக்கத் தொடங்கியவன் நிமிர்கிறான் என்பதை அசரியா தம் செயலால் காட்டினார். கிராமத்தார் தானியமும் கோழியும் காசுமாகக் கொண்டுவந்தனர். வெளியார் உதவியை அவர் முற்றும் மறுத்தவர் அல்லர். ஆனால் அது முதலாவதாக இருத்தலாகாது என்றிருந்தார். பல ஆண்டுகள் மெல்ல மெல்ல எழுந்த தோர்ணக்கல் பேராலயம் 1939 ஜனவரி 6-ஆம் நாள் பிரதிஷ்டை செய்யப்பட்டது. கோவில் தூண்களின் சாயலும் மசூதிக் கும்மட்டத்தின் சாயலும் அதில் ஒருங்கே விளங்குகின்றன.

மதமாற்றம் குறித்துக் காந்தியடிகளுக்கும் அவருக்கும் ஆழ்ந்த கருத்து வேறுபாடு இருந்தது. ஆயினும் கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டுமென்ற கோரிக்கையை அசரியா எதிர்த்தார். தம் மக்கள் தேசத்தினின்று பிரிந்து நிற்பதை அவர் விரும்பவில்லை. பல பிரிவாய்க் கிடந்த திருச்சபைகளை ஒன்றாக்க 1919-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய முயற்சியிலும் முன்னின்றார். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அதைக் காண அவர் இல்லை. 1945 ஜனவரி 1-ஆம் நாள் தோர்ணக்கல்லில் காலமானார்.

நாம் கொள்ள வேண்டியது

நம் நெசவாளர் சங்கங்களில் நடைபெறும் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தை எண்ணுங்கள். நெசவாளர் தம் கூலியில் ரூபாய்க்கு இத்தனை காசு என்று முதலில் இடுகிறார். அதன் மேல் அரசு தன் பங்கைச் சேர்க்கிறது. பிடியரிசியின் தத்துவமும் இதுவே. தள்ளுபடி மானியம் எப்போது வரும், கடன் எப்போது ரத்தாகும் என்று மட்டுமே பேசும் சங்கங்களைத் தணிக்கையின்போது நாம் பார்க்கிறோம். அங்கே பொதுக்குழுவுக்கு ஆள் சேராது. வரவு செலவைக் கேட்பாரும் இரார். தம் காசு உள்ளே இருப்பதை உணர்ந்த ஊரிலோ, கைநாட்டு வைக்கும் கிழவியும் எழுந்து நின்று கணக்குக் கேட்கிறாள். அந்தச் சங்கம் பிழைக்கிறது.

அசரியா தொடங்கிய சங்கம் பாளையங்கோட்டையில் இன்றும் இயங்கிவருகிறது. நூற்றிருபது ஆண்டுகளைக் கடந்த அந்த ஸ்தாபனத்துக்கு ஒரு பிடி அரிசி வித்தாயிருந்தது. பாவு முடித்துக் கூலி வாங்கும் நெசவாளரும், எலுமிச்சையும் நெல்லும் விற்றுக் காசு எண்ணும் உழவரும், தம் வீட்டுச் செலவுக்கு எடுக்குமுன் சங்கத்துக்கான பிடியை எடுத்து வைப்பாராக. வரும் பொதுக்குழுவில் அதன் கணக்கைத் தயங்காது கேட்பாராக.